பழைய கணிப்பொறியில் தங்கிவிட்ட கோப்புகள்

(அரசு அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் அலுவலகத்திற்குப் புதிய கணிப்பொறிகள் வந்து இறங்கும் நாள் மகிழ்ச்சிக்குரிய நாள். மேசைகள் துடைக்கப்படுகின்றன, பழைய பெட்டிகள் தாழ்வாரத்திற்குப் போகின்றன, இருப்புப் பதிவேட்டில் புதிய பொருள்கள் ஏறுகின்றன. பழைய பெட்டிகளுக்குள் என்ன இருந்தது என்ற கேள்வி அன்று எழுவதில்லை. சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, யாரேனும் ஒருவர் மனுவோடு வந்து நிற்கும்போதுதான் அது எழுகிறது.

அப்படிப்பட்ட ஒரு மனுவைச் சொல்லித் தொடங்குகிறேன். அலுவலகத்தின் பெயரும் ஊரும் இங்குத் தேவையில்லை. பணியில் இருக்கும்போதே 1999இல் காலமான ஓர் எழுத்தரின் மனைவி, தம் குடும்ப ஓய்வூதியம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருப்பதாக மனுக் கொடுத்திருந்தார். ஐந்தாவது ஊதியக் குழுவின் பரிந்துரையையொட்டி 1996 ஜனவரி முதல் தேதியிலிருந்து கணவரின் ஊதியம் திருத்தி நிர்ணயிக்கப்பட்டது; அதன்பின் அவர் பெற்ற ஆண்டு ஊதிய உயர்வுகளில் ஒன்று கணக்கில் வரவில்லை என்பது அவருடைய முறையீடு. பணிப் பதிவேட்டின் அந்தப் பக்கங்கள் மழை நீரில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழியும் நிலையில் இருந்தன. சம்பளப் பட்டியலின் அலுவலகப் படிகள், வைத்திருக்க வேண்டிய காலம் கடந்துவிட்டதால் முறைப்படி அழிக்கப்பட்டிருந்தன. ஆனால் அந்த ஆண்டுகளில் சம்பளப் பட்டியல் கணிப்பொறியில் தயாரிக்கப்பட்டது. அந்தக் கணிப்பொறி எங்கே என்று கேட்டபோது தாழ்வாரத்தைக் காட்டினார்கள்.

நான் அங்குச் செல்வதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்திருந்தது. பழைய இயந்திரத்தின் தாய்ப்பலகை செயலிழந்திருந்ததால், பழுது பார்க்க வந்தவர் அதன் ஹார்டு டிஸ்க்கை, அதாவது வன்தட்டைக் கழற்றி, ஓர் இணைப்பியின் வழியே புதிய கணிப்பொறியில் பொருத்தினார். ‘இந்தத் தட்டைப் பயன்படுத்துவதற்கு முன் அதை ஃபார்மட் செய்ய வேண்டும்; செய்யலாமா?’ என்ற பொருளில் திரையில் ஒரு கேள்வி தோன்றியது. ‘தட்டு கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்து பார்ப்போம்’ என்று அவர் சொல்ல, பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்த அம்மையார், ‘யாரிடமாவது கேட்டுவிட்டுச் செய்வோம்’ என்று தடுத்துவிட்டார். கணிப்பொறி நுட்பம் எதுவும் அவருக்குத் தெரியாது. ஒரு கோப்பை அழிப்பதற்கு முன் உரிய அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்ற அலுவலக நடைமுறை மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

படிக்க முடியாததும் இல்லாததும்

இத்தகைய நேர்வுகளில் நாம் முதலில் தெளிவு பெற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வன்பொருளை மாற்றும்போது தரவுகள் அழிவதில்லை. அவற்றைப் படிக்கும் வழிதான் அறுந்துபோகிறது. படிக்க முடியவில்லை என்பதை இல்லை என்று எடுத்துக்கொண்டு, அதன்மீது புதிதாக எழுதத் தொடங்கும்போதுதான் உண்மையான அழிவு நேர்கிறது.

பழைய இயக்க முறைமை புதிய இயந்திரத்தில் ஏன் தொடங்குவதில்லை? இயக்க முறைமை என்பது வன்பொருளுக்கும் பயன்பாட்டு நிரல்களுக்கும் இடையே நின்று பணிபுரிவது. அது நிறுவப்பட்ட நாளில் தன்னைச் சுற்றியுள்ள வன்பொருள்களை அறிந்து, அவற்றுக்குரிய இயக்கிகளை, அதாவது டிரைவர் நிரல்களை, தன்னுடன் வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் எக்ஸ்.பி. நிறுவப்பட்ட தட்டை வேறொரு தாய்ப்பலகையில் பொருத்தினால் பெரும்பாலும் நீலத்திரை தோன்றி நின்றுவிடும். தட்டைக் கட்டுப்படுத்தும் சில்லு மாறிவிட்டதால், தான் எந்தத் தட்டிலிருந்து தொடங்கியதோ அதே தட்டை அதனால் அணுக முடிவதில்லை. இன்றைய இயந்திரங்களில் தொடக்க முறையே மாறிவிட்டது. பழைய பயாஸ் முறையின் இடத்தை யு.இ.எஃப்.ஐ. முறை பிடித்துக்கொண்டது; அண்மைக்காலப் பலகைகள் பலவற்றில் பழைய முறைக்கு இடமே இல்லை. ஆகவே எம்.எஸ்.டாஸ் போன்ற எளிய இயக்க முறைமைகூட அவற்றில் தொடங்காது. இவற்றுள் எதுவும் தட்டில் உள்ள கோப்புகளைப் பற்றிய செய்தி அன்று. காவலாளி தன் பணியிடத்தை அடையாளம் காணவில்லை. உள்ளே அலமாரிகள் அப்படியே இருக்கின்றன.

சாவி தொலைந்த அலமாரியை எரித்துவிட எந்த அலுவலரும் ஆணையிடமாட்டார். ஆனால் ஃபார்மட் என்ற சொல் தீங்கற்றதாகத் தோன்றுவதால் அதற்கு எளிதில் இசைந்துவிடுகிறோம். பழைய நாட்களில் இதற்கு ஓரளவு மன்னிப்பும் இருந்தது. டாஸ் காலத்துக் கோப்பு முறையில் ஒரு கோப்பை அழித்தால், அட்டவணையில் அதன் பெயரின் முதல் எழுத்து மட்டுமே மாற்றப்பட்டு, அது இருந்த இடம் காலியிடமாகக் குறிக்கப்படும். உள்ளடக்கம், வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை அங்கேயே இருக்கும். வன்தட்டுகளை ஃபார்மட் செய்வதும் பெரும்பாலும் அட்டவணையைப் புதிதாக்குவதாகவே இருந்தது. விண்டோஸ் விஸ்டா முதல் இந்நிலை மாறியது. அதிலிருந்து முழு ஃபார்மட் என்பது தட்டு முழுவதும் சுழியங்களை எழுதிவிடுகிறது. அதன்பின் எந்த நிபுணராலும் எதையும் மீட்க இயலாது. இன்றைய எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பிலோ, ஒரு கோப்பை அழித்தவுடன் அந்த இடத்தைத் துடைத்துக்கொள்ளலாம் என்ற அறிவிப்பை இயக்க முறைமையே சேமிப்புக்கு அனுப்பிவிடுகிறது. பழைய அனுபவத்தை நம்பி ‘அழித்தாலும் எடுத்துவிடலாம்’ என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் சொல்வதை நம்பி ஓர் அலுவலகத்தின் பதிவுகளைப் பணயம் வைக்கலாகாது.

முதலில் நகல், பிறகு ஆய்வு

அந்த அலுவலகத்திற்குத் திரும்புவோம். தாழ்வாரத்தில் கிடந்த வேறொரு பழைய பெட்டியில் 40 முள்கள் கொண்ட ஐ.டி.இ. இணைப்பு இருந்தது. 1990களின் தட்டுகளுக்கு இந்த இணைப்பே உரியது. இன்று கடைகளில் கிடைக்கும் யு.எஸ்.பி. இணைப்பிகள் பெரும்பாலான தட்டுகளுக்குப் பயன்படும். எனினும் மிகப் பழைய தட்டுகளின் முகவரி முறையைச் சில இணைப்பிகள் புரிந்துகொள்வதில்லை. புதிய கணிப்பொறி ‘ஃபார்மட் செய்யலாமா’ என்று கேட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்தப் பெட்டியில் செய்ய வேண்டியிருந்தது, தாய்ப்பலகையில் தீர்ந்துபோயிருந்த நாணய வடிவ மின்கலத்தை மாற்றியது ஒன்றே. தட்டின் அளவுகளை நினைவில் வைத்திருக்க உதவுவது அந்தச் சிறு மின்கலம். அது தீர்ந்துபோன ஒரே காரணத்தால் ‘பழுது’ என்று ஒதுக்கப்பட்ட பழைய கணிப்பொறிகள் ஏராளம்.

அடுத்து, தட்டிலிருந்து தொடங்காமல், லினக்ஸ் இயக்க முறைமை அடங்கிய குறுந்தகட்டிலிருந்து அந்த இயந்திரத்தைத் தொடங்கினோம். இதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ், தன்னோடு இணைக்கப்பட்ட தட்டில் நம்மைக் கேளாமலே சில குறிப்புகளை எழுதும் பழக்கமுடையது; தொடங்கும்போது பிழைதிருத்தம் என்ற பெயரில் அட்டவணைகளை மாற்றவும் முற்படும். லினக்ஸில் ஒரு தட்டைத் திறக்காமலே, படிப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம். சான்றாகப் பயன்படக்கூடிய பதிவுகளாயின், எழுத்துத் தடுப்பி என்ற சிறு கருவியை இடையில் வைப்பது இன்னும் சிறந்தது.

நாங்கள் கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுக்கவில்லை. தட்டு முழுவதையும், காலியிடம் உட்பட, தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே கோப்பாக எடுத்தோம். இதனைத் தட்டின் படிமம் என்பர். ‘டிடி ரெஸ்க்யூ’ என்ற இலவச நிரல் இதற்கு ஏற்றது. அது நல்ல பகுதிகளை முதலில் விரைந்து படித்துவிட்டு, இடர் தரும் பகுதிகளைக் கடைசிக்கு ஒத்திவைக்கிறது. எந்தெந்தப் பகுதி படிக்கப்பட்டது என்பதற்கு ஒரு வரைபடக் கோப்பையும் வைத்துக்கொள்கிறது. ஆகவே இடையில் நிறுத்த நேர்ந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதுமையடைந்த தட்டு ஒன்றுக்கு ஒவ்வொரு சுழற்சியும் கடைசிச் சுழற்சியாக இருக்கக்கூடும். அந்த நேரத்தை, ‘எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது’ என்று தேடுவதில் செலவிடக் கூடாது. தேடுதல் முழுவதையும் படிமத்தில் வைத்துக்கொள்ளலாம். தட்டிலிருந்து டக், டக் என்ற ஒலி கேட்டால், உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தூசியற்ற அறை வசதியுள்ள ஆய்வகத்திற்கு அனுப்புவதே முறை.

எங்கள் தட்டு அவ்வளவு மோசமாக இல்லை. சில இடங்கள் மட்டும் படிக்கப்படவில்லை. அவற்றுள் ஒன்று, கோப்புகள் எங்கெங்கே சிதறிக் கிடக்கின்றன என்பதைச் சொல்லும் அட்டவணையின் ஒரு பகுதி. நல்லூழாக, அந்தக் காலத்துக் கோப்பு முறை அட்டவணையை இரண்டு படிகளாக வைத்திருந்தது. முதற்படி பழுதுபட்ட இடத்தில் இரண்டாம் படி துணை நின்றது.

எட்டாவது இருமக் குறி

கோப்பு கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் பாதிதான் முடிந்திருக்கும். கோப்பின் உள்ளடக்கத்தைப் பொருள் விளங்கப் படிக்க வேண்டும் அல்லவா?

1980களிலும் 1990களிலும் நம் அலுவலகங்களில் பெருவழக்காக இருந்த இரண்டு மென்பொருள்களை எடுத்துக்கொள்வோம். கடிதம் எழுதுவதற்கு வேர்டுஸ்டார்; பட்டியல்களுக்கு டிபேஸ். வேர்டுஸ்டார் ஆவணத்தை இன்று அப்படியே திறந்தால், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் விநோதக் குறியாகத் தெரிவதைப் பார்க்கலாம். ஆங்கில எழுத்துக்கு ஏழு இருமக் குறிகள் போதும். எஞ்சிய எட்டாவது குறியை வேர்டுஸ்டார் தன் சொந்தத் தேவைக்கு, சொல்லின் முடிவைக் குறித்துவைக்க, எடுத்துக்கொண்டது. அந்த எட்டாவது குறியை நீக்கிவிட்டால் கடிதம் தெளிவாகிவிடும்.

ஆனால் இதே வைத்தியத்தை இந்திய மொழிக் கோப்பு ஒன்றுக்குச் செய்தால் நோயாளி இறந்துவிடுவார். நம் மொழிகளுக்காக வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியீட்டு முறை, ஆங்கில எழுத்துகளை ஏழு குறிகளுக்குள் இருக்கவிட்டு, இந்திய எழுத்துகளை அந்த எட்டாவது குறியின் துணையாலேயே வேறுபடுத்துகிறது. 1991இல் இது இந்தியத் தர நிர்ணயமாக, ஐ.எஸ். 13194 என்ற எண்ணுடன் வெளியிடப்பட்டது. பிராமியின் வழிவந்த நம் எழுத்துகள் அனைத்திற்கும் ஒரே வரிசையில் இடம் ஒதுக்கியது இதன் தனிச்சிறப்பு. தேவநாகரியின் ககரத்திற்கு எந்த எண்ணோ, தமிழ்க் ககரத்திற்கும் வங்கக் ககரத்திற்கும் அதே எண். எழுத்துருவை மாற்றினால் ஒரு மொழியில் உள்ள பெயர்ப் பட்டியலை இன்னொரு எழுத்தில் பார்க்கலாம். நம் நாட்டின் மொழி இயல்பை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை.

டாஸில் இந்த எழுத்துகளைத் திரையில் காட்டியது, கான்பூர் ஐ.ஐ.டி.யில் தோன்றிப் புணேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பமாகும். அதன் பரவலான வடிவம் கணிப்பொறிக்குள் செருகும் ஓர் அட்டை. ஆங்கிலத்திற்கென்று எழுதப்பட்ட டிபேஸ் போன்ற நிரல்களை மாற்றாமலே அவற்றில் தமிழையும் இந்தியையும் தட்டெழுத அது வழிசெய்தது. இங்கேதான் வன்பொருள் மாற்றத்தின் இடர் முழு அளவில் தெரிகிறது. அந்த அட்டையைச் செருகுவதற்கான ஐ.எஸ்.ஏ. பள்ளம் 2000ஆம் ஆண்டையொட்டித் தாய்ப்பலகைகளிலிருந்து மறையத் தொடங்கியது. அட்டை போனபின் அதே கோப்பு, அதே நிரலில், கோடுகளும் கட்டங்களுமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சில வேளைகளில் கவலையாக இருக்கும். கெடவில்லை. யூனிகோடு முறையில் இந்திய எழுத்துகளுக்கான பகுதிகள் 1988ஆம் ஆண்டின் இஸ்கியை அடிப்படையாகக் கொண்டே வகுக்கப்பட்டன. ஆதலால் இஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது ஏறக்குறைய நேரடியான வேலை. கணிப்பொறி பயிலும் மாணவர் ஒருவர் இரண்டு நாட்களில் அதற்கு நிரல் எழுதிவிடலாம்.

உண்மையான தலைவலி அதன்பின் வந்த காலத்தில்தான் இருக்கிறது. விண்டோஸ் பரவியபோது ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியது. அவற்றில் சேமிக்கப்பட்டவை எழுத்துகள் அல்ல. எழுத்துகளின் வடிவத் துண்டுகள். ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். எழுத்துரு இல்லாத புதிய கணிப்பொறியில் அந்த ஆவணம் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தோன்றும். இக்குழப்பத்தை நீக்கத் தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்ற இரு குறியீடுகளைத் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆயினும் இடைக்காலத்துக் கோப்புகள் அந்தந்த எழுத்துருவிலேயே நின்றுவிட்டன. ஆகவே பழைய இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முன் அதன் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து நகலெடுத்துக்கொள்வது அவசியம். அது இல்லாவிடில், எந்தக் குறி எந்த எழுத்து என்பதை ஊகித்தே அறிய வேண்டியிருக்கும்.

எழுத்துரு கிடைத்தாலும் மாற்றம் எளிதன்று. வடிவ முறையில் ‘கெ’ என்பதில் கொம்பு முதலில், ககரம் பின்பு. யூனிகோடில் ககரம் முதலில். இதை நிரல் சரிசெய்துவிடும். ஆனால் ‘கௌரி’ என்ற பெயரில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ளகரத்திற்கும் வடிவ ஒற்றுமை இருப்பதால், ளகரத்தையே தட்டியிருப்பார்கள். மாற்றியபின் அது ‘கெளரி’ ஆகிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணிப்பொறிக்கு அவை இரு வேறு பெயர்கள். இவ்வாறே ரகரத்திற்குப் பதில் கால் குறியைத் தட்டிப் புள்ளி வைத்த பதிவுகளும் மிகுதி. ஓய்வூதியப் பட்டியலிலோ நிலப் பதிவேட்டிலோ இத்தகைய பெயரைத் தேடினால் ‘பதிவு இல்லை’ என்ற விடை வரும். அந்த விடையை நம்பி மனுவைத் தள்ளுபடி செய்பவர் நேர்மையான அலுவலராகவே இருக்கலாம்.

நிலப் பதிவேடுகளைக் குறிப்பிட்டதால் ஒரு செய்தி. அவற்றைக் கணிப்பொறிமயமாக்கும் மத்திய அரசுத் திட்டம் 1988-89இல் ரங்காரெட்டி, சோனித்பூர், சிங்பூம், காந்திநகர், மொரீனா, வார்தா, மயூர்பஞ்ச், துங்கர்பூர் ஆகிய 8 மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. அன்று முதல் இன்றுவரை எத்தனை தலைமுறைக் கணிப்பொறிகள் மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றமும் ஒரு கை மாற்றம். காகிதப் பதிவேட்டுக்கு இத்தகைய கை மாற்றம் தேவைப்படுவதில்லை. இங்கிலாந்தில் 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நில அளவைப் பதிவேட்டை இன்றும் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டையொட்டி பி.பி.சி. நிறுவனம் 1986இல் ஒளித்தகடுகளில் வெளியிட்ட புதிய டூம்ஸ்டே தொகுப்பையோ, உரிய கருவிகள் அருகிவிட்டதால் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே படிப்பது அரிதாயிற்று. பழைய கணிப்பொறியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றை எழுதி, 2002இல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை மீண்டும் இயக்கிக் காட்டினர்.

அந்த வழி நமக்கும் உதவும். டாஸ் நிரல்களை இயக்க டாஸ்பாக்ஸ், பழைய விண்டோஸை இயக்க வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தட்டின் படிமத்தையே அவற்றிடம் கொடுத்தால், பழைய அலுவலகக் கணிப்பொறி புதிய இயந்திரத்தின் ஒரு சாளரத்திற்குள் உயிர்பெறும். நம் அலுவலகத்துச் சம்பள நிரலை அப்படித்தான் இயக்கினோம். ஜிஸ்ட் போன்ற தனி அட்டையை நம்பியிருந்த நிரல்களுக்கு மட்டும் இது போதாது. அங்குக் குறியீட்டு மாற்றமே வழி.

பலகையோடு பிணைந்த பூட்டு

இதுவரை சொன்னவை பழங்கதை என்று மாணவ நண்பர்கள் நினைக்கலாம். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் வழக்கமான ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும் என்கிறது. ஆகவே நன்றாக இயங்கும் கணிப்பொறிகளையும் மாற்ற வேண்டிய நிலை பல அலுவலகங்களுக்கு ஏற்பட்டுள்ளது.

இந்தத் தலைமுறைத் தட்டுகளில் ஒரு புதிய இடர் இருக்கிறது. பழைய தட்டை எவர் எடுத்தாலும் படிக்கலாம். அது குறையும்தான், மீட்பவர்க்கு வசதியும்தான். இன்றைய இயந்திரங்களில் பிட்லாக்கர் என்ற முறையில் தட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருக்கலாம். அதைத் திறக்கும் சாவி, தாய்ப்பலகையில் உள்ள டி.பி.எம். கூற்றோடு பிணைக்கப்பட்டிருக்கும். பலகை பழுதாகித் தட்டை வேறு இயந்திரத்தில் பொருத்தினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் எங்கும் எழுதி வைக்கப்படவில்லையெனில், தட்டு முழு நலத்தோடு இருந்தும் அதிலுள்ளவை கிடைக்கா. ‘படிக்க முடியவில்லை என்றால் இல்லை என்று பொருளன்று’ என்று முன்பு சொன்னேன். இங்கு மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எனவே மறைகுறியாக்கப்பட்ட ஒவ்வோர் இயந்திரத்தின் மீட்பு எண்ணையும் அலுவலகத் தலைவர் தம் பொறுப்பில், இரும்புப் பெட்டியின் மாற்றுச் சாவியை வைப்பதுபோல், வைத்திருக்க வேண்டும். பணிமாறுதலின்போது கையளிக்கும் பொருள்களின் பட்டியலில் இதுவும் இடம்பெறலாம்.

சட்டத்தின் பார்வை

1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், கணிப்பொறியால் உண்டாக்கப்பட்டவற்றையும் பொது ஆவணம் என்றே கொள்கிறது. உரிய முறையைப் பின்பற்றாமல் அத்தகைய ஆவணத்தை அழிப்பது தண்டனைக்குரிய குற்றம். ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அச்சட்டம் மத்திய அரசு, ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றின் அலுவலகங்களுக்குரியது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ஆம் பிரிவோ, மின்னணு வடிவில் வைத்திருக்கும் ஆவணம் பிற்காலத்தில் எடுத்துப் பார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. தட்டைப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டோம் என்பது இதற்கு விடையாகாது. அதைப் படிக்கும் கருவியும் மென்பொருளும் இல்லாவிடில், சட்டம் எதிர்பார்க்கும் பாதுகாப்பு அங்கு இல்லை.

மீட்ட கோப்பை வழக்கு மன்றத்தில் சான்றாகக் காட்ட நேரலாம். 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி அதனுடன் ஒரு சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண். ஓர் எழுத்து மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். படிமம் எடுத்த அன்றே அதைக் கணக்கிட்டு, தேதியிட்டு, இரு அலுவலர் கையொப்பத்துடன் கோப்பில் சேர்த்துவிட்டால், பின்னாளில் எவரும் ஐயம் எழுப்ப முடியாது. பத்து நிமிட வேலை.

நட்சத்திரக் குறி

சம்பளப் பட்டியல்கள் மாதவாரியாக டிபேஸ் கோப்புகளில் இருந்தன. புதிய விரிதாள் மென்பொருள் ஒன்று அவற்றை எளிதில் திறந்தது. இளைஞர் ஒருவர் 1998ஆம் ஆண்டின் கோப்புகளை எல்லாம் விரைவாகப் பார்த்துவிட்டு, அந்த எழுத்தரின் பெயர் எதிலும் இல்லை என்றார். மனுதாரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

டிபேஸ் கோப்பின் அமைப்பு எளிமையானது. முதலில் ஒரு தலைப்பு. அதில் கடைசியாகத் திருத்திய தேதியும் பதிவுகளின் எண்ணிக்கையும் இருக்கும். பிறகு ஒரே நீளமுள்ள பதிவுகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொரு பதிவின் முன்னும் ஓரிடம் காலியாக விடப்பட்டிருக்கும். ஒரு பதிவை நீக்கினால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். ‘பேக்’ என்ற கட்டளையைக் கொடுக்கும்வரை பதிவு கோப்பிலேயே இருக்கும். நட்சத்திரமிட்ட பதிவுகளைப் புதிய மென்பொருள்கள் பல காட்டுவதில்லை. தலைப்பில் இருந்த எண்ணிக்கையைத் திரையில் தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டபோது சில குறைந்தன. கோப்பை மூல வடிவில் திறந்து பார்த்தோம்.

அவர் காலமானபின், யாரோ ஒருவர் பழைய மாதங்களின் கோப்புகளிலிருந்தும் அவர் பெயரை நீக்கியிருக்கிறார். தவறான எண்ணத்தோடு செய்ததாகத் தெரியவில்லை. இனிப் பட்டியலில் வர வேண்டாம் என்று கருதியிருக்கலாம். ‘பேக்’ கட்டளையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. நட்சத்திரத்திற்குப் பின்னால் பெயர், பதவி, அடிப்படை ஊதியம் எல்லாம் இருந்தன. மாதக் கோப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்ததில், விடுபட்ட ஊதிய உயர்வு எந்த மாதத்தில் சேர்ந்தது என்பதும் தெரிந்தது.

கோப்பின் ஹாஷ் மதிப்புடன் அறிக்கை எழுதி, படிமத்தின் இரண்டு நகல்களை இரு வேறு இடங்களில் வைத்தோம். ஊதியம் திருத்தப்பட்டு நிலுவைத் தொகை வழங்கப்படப் பின்னும் சில மாதங்கள் ஆயின. அது கணிப்பொறியின் தாமதம் அன்று. தாழ்வாரத்தில் ஏலத்திற்காக வைத்திருந்த மற்றப் பெட்டிகளை, அவற்றின் தட்டுகளைப் படிமம் எடுத்து முடிக்கும்வரை வெளியே அனுப்ப வேண்டாம் என்று அந்தக் கண்காணிப்பாளர் அம்மையார் குறிப்பு எழுதினார். மொத்தம் 11 பெட்டிகள். அவற்றில் இரண்டு தட்டுகளை எங்களால் படிக்க முடியவில்லை. அவை தனி உறையில், என்ன பிரிவில் எந்த ஆண்டுகளில் பயன்பட்டன என்ற குறிப்புடன், இன்னும் பாதுகாக்கப்படுகின்றன.